வாத்தியார் விமானமேறி வந்தால்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில், ஹவாய் பல்கலைக்கழக மாணவர்கள் சீனாவின் ஜிங்ஜூ நாடகத்தை (பீக்கிங் ஆபரா என்றால் சட்டென்று புரியும்) ஆங்கிலத்தில் ஆடுவதைப் பற்றி ஒரு கேள்விக்கு நாலு வரியில் பாராட்டிப் பதில் எழுதியிருந்தேன். கோபத்தோடு சிலர், ஆசையோடு பலர் என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. எனவே இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனாவில் பத்து வயதிலிருந்து அடி உதை வாங்கிக் கற்றுக்கொள்கிற கலையை, அமெரிக்கக் காலேஜ் பசங்கள் ஆங்கிலத்தில் ஆடினால் மாறுவேடப் போட்டி மாதிரி இருக்காதா? இதைப் போய் ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?
*ஒரு வாசகர், மதுரை*

மாறுவேடப் போட்டியாக ஆகியிருக்கலாம்தான். ஆகாமல் போனதற்கு நான் காண்கிற காரணம், வாத்தியார்கள் விமானமேறி வந்து மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள் என்பது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். எலிசபெத் விக்மன்-வால்சாக் என்ற அமெரிக்கப் பெண் 1979-இல் படிக்க நான்ஜிங் போனார். அந்த வருடத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவும் சீனாவும் முறையான தூதரக உறவு வைத்துக்கொண்டதே 1979 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன்னால் 1966 முதல் 1976 வரை கலாச்சாரப் புரட்சி. ராஜா, மந்திரி, பேரழகி, பாம்பு, பேய் என்று வருகிற பழைய நாடகங்களையெல்லாம் மேடையை விட்டு விரட்டிவிட்டு, கட்சி ஒப்புக்கொண்ட ஒரு கைப்பிடி 'மாதிரி நாடகங்களை' மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த காலம். பழைய வித்தை தெரிந்தவர்கள் பத்து வருடம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்துவிட்டு மறுபடி உடுப்புப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் இந்தப் பெண் போய் எதிரே நிற்கிறார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஷென் ஷியாவ்மெய். பெண் வேடத்தில் உலகப் புகழ் பெற்ற மெய் லான்ஃபாங்கின் மிக இளைய சிஷ்யை. (மெய் லான்ஃபாங் 1930-இல் அமெரிக்காவில் சுற்றிவந்து ஆடி, அங்கே இரண்டு கௌரவ டாக்டர் பட்டங்களும் வாங்கியவர்.) 1980-இல் விக்மன் நான்ஜிங்கில் பேரரசரின் ஆசைநாயகி யாங் குடித்து மயங்கும் புகழ்பெற்ற நாடகத்தில் அந்த நாயகி வேடமே கட்டினார். சீன மக்கள் குடியரசில் ஜிங்ஜூ ஆடிய முதல் சீனரல்லாதவர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

பிறகு ஹவாய்க்குப் பேராசிரியராக வந்தவர், நான்ஜிங்கில் இருக்கும் ஜியாங்சு மாகாண ஜிங்ஜூ குழுவிலிருந்து கலைஞர்களை வரவழைத்தார். அவர்கள் சுமார் ஆறு மாதம் தங்கி மாணவர்களைத் தயார் செய்ய, 1985-இல் 'பீனிக்ஸ் கூடு திரும்பியது' என்ற மெய் லான்ஃபாங் நாடகம் ஆங்கிலத்தில் மேடையேறியது. அதோடு நின்றும் போகவில்லை. 2002-இல் நீதிபதி பாவ் கதை, 2006-இல் யாங் குடும்பத்துப் பெண் தளபதிகள், 2010-இல் வெள்ளைப் பாம்பு என்று சில வருடங்களுக்கு ஒருமுறை இதே முறையில் நடந்திருக்கிறது. விழாவுக்கு விழா வேஷம் கட்டுகிறவர்களிடம் இந்தத் தொடர்ச்சி இருக்காது.

'அமெரிக்கப் பசங்கள்' என்றதும் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஹவாய் அப்படிப்பட்ட ஊர் இல்லை. ஜப்பான், பிலிப்பைன்ஸ், சீனா, கொரியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகளும் பூர்வகுடி ஹவாய்க்காரர்களும் கலந்த வகுப்பு அது. 1920-களிலேயே அங்கே மாணவர்கள் ஜப்பானியக் கபூக்கியை ஆங்கிலத்தில் ஆடியிருக்கிறார்கள்.

ஆறு மாதத்தில் என்னத்தைக் கற்றுக்கொள்ள முடியும்? எங்கள் ஊர் சபாவில் ஆறு மாதத்தில் அலாரிப்பு கூட முடிவதில்லை.
*ஒரு நடன ஆசிரியை, மயிலாப்பூர்*

முழு ஜிங்ஜூவையும் கற்றுக்கொள்ள முடியாதுதான், யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. ஒரே ஒரு வேடத்தை, ஒரே ஒரு நாடகத்துக்காகக் கற்றுக்கொள்ளலாம். ஜிங்ஜூவில் வேடங்கள் நாலு வகை: ஷெங் என்பது ஆண், தான் என்பது பெண், ஜிங் என்பது முகம் முழுக்க வண்ணம் பூசிய முரட்டுப் பாத்திரம், சோ என்பது மூக்கில் வெள்ளைத் திட்டு வைத்த கோமாளி. சீனாவில் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே ஒரு வகையில் போட்டுவிட்டால் ஆயுளுக்கும் அதே வகைதான். ஹவாயிலும் முதல் சில வாரங்களில் எல்லோரையும் நடக்கவிட்டு, பாடவிட்டு, யாருக்கு எது ஒட்டுகிறது என்று பார்த்து ஒரு வகையில் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் தினமும் அதே நடை, அதே கை.

கை என்றேனே, அதில் தண்ணீர்க்கை என்று ஒரு சங்கதி இருக்கிறது. சட்டைக் கையின் முனையில் ஒன்றரை இரண்டு அடி நீளத்துக்கு வெள்ளைப் பட்டுத் துணி தொங்கும். கோபம், வெட்கம், அழுகை எல்லாம் அந்தத் துணியை வீசுவதிலும் சுற்றுவதிலும் வரும். வீசுவதை ஒரு வாரத்தில் யாரும் செய்துவிடுவார்கள். வீசிய துணியை மணிக்கட்டை மூன்று நான்கு தடவை சின்னதாகச் சுண்டி, மடிப்பு மடிப்பாகக் கைமேல் அடுக்கி, விரல்நுனி வெளியே தெரியக் கொண்டுவந்து நிறுத்துவதில்தான் வண்டவாளம் வெளிப்படும். கையைப் பார்க்கவும் கூடாது, பாட்டை நிறுத்தவும் கூடாது. இதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டால்தான் வரும்.

அப்புறம் தலை. முகத்தில் வண்ணம் பூசியபின், ஒரு நாடாவால் நெற்றியை இறுகக் கட்டிப் புருவத்தையும் கண் ஓரத்தையும் மேலே இழுத்துவிடுவார்கள். அப்போதுதான் அந்த ஜிங்ஜூப் பார்வை வரும். பெண் வேடத்துக்கு, மரச் சீவலை ஊறவைத்து எடுத்த கொழகொழப்பான நீரில் முடிக்கற்றைகளைத் தோய்த்து நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டுவார்கள், அதற்கு மேல் கிரீடம். புதிதாகக் கட்டுகிறவர்களுக்குத் தலை வெடிக்கும், குமட்டும். தொழில்முறை நடிகர்களே ஆரம்பத்தில் வாந்தி எடுத்த கதைகளைச் சொல்வதுண்டு. அதைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் பாடி ஆட ஒரு இருபது வயதுப் பெண் பழக வேண்டும். அந்தப் பெண் மறுநாள் காலை வேறொரு பாடத்துக்குப் பரீட்சை எழுதப் போவாள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

உங்கள் அலாரிப்புக் கணக்கைப் பற்றி: வாரத்துக்கு இரண்டு வகுப்பையும் தினம் பல மணி நேரத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது அல்லவா?

வாத்தியமும் மாணவர்களேவா? இல்லை, டேப்பா?
*ஒரு மிருதங்க மாணவர், திருவையாறு*

மாணவர்களேதான், ஊர்க்காரர்களும் கலந்து. இதில்தான் எனக்கு அதிக மரியாதை. ஏனென்றால் ஜிங்ஜூவில் நட்டுவனார் மாதிரி எல்லோரையும் நடத்துகிறவர் மேளக்காரர்தான். இடது கையில் ஒரு சிப்ளாக்கட்டை, வலது கையில் மெல்லிய குச்சி, எதிரே உள்ளங்கையளவு மட்டும் ஓசை தரும் ஒரு சின்ன ஒற்றை முக மேளம். நடிகர் பார்வையைத் திருப்பினால், ஒரு சொல்லை நீட்டி இழுத்தால், அது இவருக்குச் சைகை. இவர் குச்சியைத் தூக்கினால் அது தாம்பாள மணிக்காரர்களுக்குச் சைகை. டேப் வைத்தால் இந்த விளையாட்டே செத்துப்போகும்.

உங்களுக்குப் பிடித்த சேதி ஒன்று. இந்தத் தாளக் கோவைகளை அவர்கள் வாயால் சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். பெரிய மணிக்கு ஒரு சொல், சின்ன மணிக்கு ஒரு சொல், கைத்தாளத்துக்கு ஒரு சொல், எல்லாம் சேர்ந்து அடித்தால் வேறு சொல். ஒவ்வொரு கோவைக்கும் பெயர் உண்டு. தகதிமி சொல்லி வளர்ந்த பையனை அந்த வகுப்பில் உட்காரவைத்தால் முதல் நாளே தலையாட்டிவிடுவான்.

சீன மெட்டில் ஆங்கிலத்தைத் திணித்தால் கேட்கச் சகிக்குமா?
*ஒரு வாசகி, நாகர்கோவில்*

ஜிங்ஜூப் பாட்டில் ஒரு வரிக்குப் பெரும்பாலும் ஏழு அசை அல்லது பத்து அசை. ஏழென்றால் இரண்டு, இரண்டு, மூன்றாகவும், பத்தென்றால் மூன்று, மூன்று, நாலாகவும் உடையும். வரிகள் இரண்டிரண்டாக ஜோடி சேரும். ஹவாய் மொழிபெயர்ப்பில் இந்த உடைப்பையும் எதுகை போன்ற வரி முடிவையும் ஆங்கிலத்தில் பிடிக்கப் பார்த்தார்கள். டப்பிங் படத்துக்குப் பாட்டெழுதுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். ஆனால் சீனச் சொல்லுக்கே ஏற்ற இறக்கம் இருப்பதால் மெட்டு சொல்லோடு சேர்ந்து வளைந்து போகும், ஆங்கிலத்தில் அந்த வளைவுக்குக் காரணம் இல்லை. பெண் வேடத்தின் பொய்க்குரலில் ஆங்கிலம் முதல் பத்து நிமிடம் காதுக்கு விநோதமாகத்தான் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் பழகிவிடுகிறது.

சப்டைட்டில் போட்டு சீனத்திலேயே பாடலாமே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பாடலாம். ஆனால் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்து பாடுகிறவன் எந்தச் சொல்லில் கண்ணைத் திருப்புவான்?

இதைச் சீனாவுக்கே கொண்டுபோய் ஆடினார்களாமே, தைரியம்தான். கல்லெறி விழவில்லையா?
*ஒரு வாசகர், காரைக்குடி*

1986-இல் அந்த 'பீனிக்ஸ்' நாடகத்தை பெய்ஜிங், நான்ஜிங், ஷாங்காய் மூன்று ஊர்களிலும் ஆடினார்கள். திருநெல்வேலிக்கு அல்வா கொண்டுபோன கதைதான். ஆனால் கல்லெறி விழவில்லை.

நாடகத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சாமர்த்தியம் தெரிகிறது. 'பீனிக்ஸ்' ஒரு கல்யாணக் குழப்பக் கதை. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் அழகி, மூத்தவள் அவலட்சணம். தங்கைக்கென்று தகப்பன் பார்த்து வைத்த மாப்பிள்ளையின் அறைக்கு ராத்திரி நேரத்தில் மூத்தவள் போய் நிற்க, பையன் இவள்தான் பெண் போலிருக்கிறது என்று பயந்து ஊரைவிட்டே ஓடிவிடுகிறான். அந்த மூத்தவள் வேடத்தைக் கட்டுவது ஆண் கோமாளி. இதைப் பார்க்க எந்த ஊரிலும் சிரிப்பார்கள். சோகப் பாட்டை நம்பிப் போயிருந்தால் தடுமாறியிருப்பார்கள்.

ஜிங்ஜூ ரசிகர்கள் நம் கச்சேரி ரசிகர்களை விட மோசம் என்பதும் தெரிந்திருக்கட்டும். நல்ல இடம் வந்தால் நடுவிலேயே 'ஹாவ்!' என்று கத்திவிடுவார்கள். கத்தாமல் கடைசியில் மரியாதைக்குக் கைதட்டினால் நடிகர் வீட்டுக்குப் போய்த் தூங்க மாட்டார். வெளிநாட்டுப் பிள்ளைகள் என்ற சலுகை முதல் காட்சிக்குத்தான், மூன்றாவது காட்சிக்கு அது செல்லாது.

படிப்பு கெடாதா?
*ஒரு தகப்பனார், ஈரோடு*

இதுவே படிப்புதான் சார். பாடமாகப் பதிந்து மார்க் வாங்குகிறார்கள். ஆசிய நாடகத்தில் அங்கே முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் இருக்கின்றன.

சீனா, ஜப்பான் தவிர வேறு நாட்டுக் கலை எதையும் இப்படி எடுத்துச் செய்திருக்கிறார்களா? எல்லாம் பணக்கார நாட்டோடுதானா பரிமாற்றம்?
*ஒரு ஆசிரியர், திண்டிவனம்*

நல்ல கேள்வி. இதே ஹவாயில் எனக்கு ஜிங்ஜூவை விடப் பிடித்தது ராண்டாய். இந்தோனேசியாவில் மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய கிராமத்து நாடகம். இவர்கள் முஸ்லிம்கள், ஆனால் வீடும் வயலும் அம்மா வழியாகப் பெண்களுக்கே போகும். ஆண்பிள்ளைகளுக்கு வீட்டில் தனி அறை கிடையாது. ஒரு வயதுக்கு மேல் தொழுகைக் கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, அங்கேயே ஓதவும் சிலெக் என்ற சண்டைக் கலையையும் கற்றுக்கொள்வது பழைய வழக்கம். அந்தச் சண்டைக் கலையும், பாட்டும், ஊர்க்கதையும் சேர்ந்ததுதான் ராண்டாய்.

ஆட்டம் வட்டத்தில். நடுவில் இரண்டு மூன்று பேர் வசனம் பேசுவார்கள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். காட்சி முடிந்ததும் ஒருவன் 'ஹெப்!' என்று குரல் கொடுக்க, எல்லோரும் எழுந்து சண்டை அடவில் தாழ்ந்து தாழ்ந்து வட்டமடிப்பார்கள், பாட்டுக்காரர்கள் கதையின் அடுத்த பகுதியைப் பாடி நகர்த்துவார்கள். இதில் அவர்கள் போட்டிருக்கும் கால்சட்டைதான் விசேஷம். கலெம்போங் என்று பெயர். கவட்டை முழங்காலுக்கும் கீழே தொங்கும் அளவுக்கு அகலம். காலை விரித்து நின்றால் துணி இரண்டு முழங்காலுக்கும் நடுவே மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அதை உள்ளங்கையால் அடித்தால் 'டொப்' என்று எழும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். பதினைந்து பேர் ஒரே நொடியில் அடித்தால் நெஞ்சில் இடிக்கும். ஒருவன் அரை நொடி பிந்தினாலும் ஊருக்கே தெரியும். துணியின் இழுவை சரியில்லை என்றால் அடி தொடையில் விழும், அது வேறு.

கிர்ஸ்டின் பௌகா என்ற பேராசிரியர் மேற்கு சுமத்ராவில் இருந்து இதைப் படித்து, 1998-இல் புத்தகமும் எழுதியவர். ஹவாயில் 2001-இல் முதல் ராண்டாயை மேடையேற்ற, சுமத்ராவிலிருந்து முஸ்ரா தஹ்ரிசால் போன்ற ஆசான்கள் வந்து தங்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். 2005-இல் ஒன்று, 2011-இல் இன்னொன்று. 2011-இல் ஆடியது சபாய் என்ற சாதுப் பெண்ணின் கதை. அவளைப் பெண் கேட்டு மறுக்கப்பட்ட ஒரு பெரிய மனிதன் அவள் தகப்பனைக் கொன்றுவிடுகிறான். செல்லமாக வளர்ந்த சகோதரன் மாங்குத்தாக், உயிருக்குப் பயந்து நகர மாட்டேன் என்கிறான். தறியில் உட்கார்ந்திருந்த சபாய் எழுந்து போய், தகப்பனைக் கொன்றவனைத் துப்பாக்கியால் சுட்டுத் தீர்க்கிறாள். அந்த நாடகத்தை அதே வருடம் மேற்கு சுமத்ராவுக்கே எடுத்துப் போய் ஆடினார்கள். ஆதியில் ராண்டாயில் ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள், பெண்கள் உள்ளே வந்தது 1960-களில்தான். ஹவாய் வட்டத்தில் மாணவிகளும் சரிக்குச் சரியாகக் கால்சட்டை அடித்தார்கள்.

பணக்கார நாடு, ஏழை நாடு என்ற உங்கள் கணக்கு முழுக்கத் தப்பும் இல்லை. டிக்கெட் எடுக்கிறவன் கையில்தான் தேதி இருக்கிறது. அமெரிக்கப் பக்கம், ஆசியாவோடு பரிமாற்றத்துக்கென்றே ஹவாயில் கிழக்கு-மேற்கு மையம் 1960-இலும், ஆசியக் கலைஞர்களுக்கு நல்கை தரும் ஏஷியன் கல்ச்சுரல் கவுன்சில் 1963-இலும் வந்துவிட்டன. சுமத்ராவின் ஒரு கிராமத்துக் குழு தன் செலவில் ஹவாய் மாணவர்களை வரவழைத்து ஆறு மாதம் வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது.

வட்டத்தில ஆடுறது எண்டால் எங்கட வட்டக்களரிதானே? கூத்தை இப்படி வெளியில ஆருக்கும் சொல்லிக்குடுத்து மாணவர் ஆடினதா? இல்லாட்டி நாங்கள்தான் சும்மா இருந்திட்டமா?
*ஒரு வாசகர், மட்டக்களப்பு*

சும்மா இருக்கவில்லை. உங்கள் நாட்டிலேயே இதன் மிக நல்ல உதாரணம் இருக்கிறது, வெளிநாடும் அதில் இருக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எதிரிவீர சரச்சந்திர, ராக்ஃபெல்லர் நல்கையில் 1955 வாக்கில் ஜப்பான் போய் நோ, கபூக்கி என்ற அந்நாட்டுப் பழைய நாடகங்களையெல்லாம் பார்த்தார். பார்த்தவர் திரும்பி வந்து ஜப்பான் பாணியில் ஒரு நாடகம் போடவில்லை. தன் ஊரில் என்ன மிச்சமிருக்கிறது என்று தேடி, நாடகம என்ற பழைய சிங்கள ஆட்டத்தைக் கண்டுபிடித்து, அதில் தேர்ந்த சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயைக் கூட்டிவந்து மாணவர்களுக்குப் பழக்கச் செய்தார். 1956-இல் 'மனமே' என்ற நாடகம் வந்தது. அந்த நாடகமவுக்கே மூலம் தமிழ்க் கூத்து என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவர் 1960-களில் மட்டக்களப்பு அண்ணாவிமாரை, அதாவது கூத்து வாத்தியார்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு தமிழ் மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கி, 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று வரிசையாக மேடையேற்றினார். இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகி அதே நாடகத்தைத் தன் மாணவர்களைக் கொண்டு மறுபடி மறுபடி செய்தவர். ஆக ஒருவர் ஜப்பானில் நாடகம் பார்த்ததற்கும் உங்கள் ஊர் மத்தளம் பேராதனையில் கேட்டதற்கும் நடுவில் பத்து வருடம் கூட இல்லை.

விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனதில் என்ன இழந்தோம் என்ற சண்டை உங்கள் பக்கம் இன்னும் முடியவில்லை. என் கட்சி: நேரத்தைச் சுருக்கியதில் குற்றமில்லை. ஆனால் சட்டம் கொடுத்து (அவரவர் பாட்டை எழுதித் தருவது), சதங்கை அணிந்து, கிழமைக்கூத்து (வாராந்தர ஒத்திகை) ஆடி, ஊரே பார்த்துத் திருத்தி, அப்புறம் அரங்கேற்றம் என்று போகிற அந்தப் பழக்குமுறையைச் சுருக்கினால் ஆபத்து. ஹவாய்க்காரர்கள் கவனமாக இருந்ததும் அந்த இடத்தில்தான்.

எங்கள் கல்லூரியோடு சேர்ந்து நாடகம் செய்ய ஓர் ஐரோப்பியக் கல்லூரி முன்வந்திருக்கிறது. இருபது மாணவர்களை ஐந்து நாள் அழைக்கிறார்கள். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?
*ஒரு நாடக மன்றச் செயலாளர், கோவை*

முதலில் அந்த ஐந்து நாளைப் பற்றித்தான் பேச வேண்டும். ஐந்து நாளில் ஒரு நாள் களைப்பு, ஒரு நாள் ஊர் சுற்றல், ஒரு நாள் ஒளி அமைப்பு, ஒரு நாள் ஆட்டம், ஒரு நாள் பெட்டி கட்டுதல். போட்டோ நன்றாக வரும். அதே பணத்தில் இங்கிருந்து ஒரு கூத்து வாத்தியாரையும் ஒரு மத்தளக்காரரையும் அங்கே மூன்று மாதம் அனுப்புங்கள், அல்லது அவர்களுடைய ஆசிரியர் ஒருவரை இங்கே வரவழையுங்கள் என்று ஒரு மாற்றுத் திட்டம் எழுதி அனுப்பிப் பாருங்கள். மறுத்தால் பிறகு ஐந்து நாளுக்கே போகலாம், கெட்டுப்போகாது.

போவதானால்: அழைப்புக் கடிதத்தில் 'உபசரிப்பு எங்களுடையது' என்று இருந்தால் அது பெரும்பாலும் தங்கலும் சாப்பாடும்தான், விமானக் கட்டணம் உங்கள் தலையில். யார் எதைத் தருகிறார்கள் என்பதை எண்ணோடு எழுத்தில் வாங்குங்கள். ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவானது) என்றால் ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம், வாத்தியாரை அனுப்பும் திட்டத்துக்கும் அதுவே கணக்கு. அதற்கு மேல் என்றால் அந்தந்த நாட்டின் நீண்ட கால விசா, அதற்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே ஓட வேண்டும். டெல்லியில் ஐ.சி.சி.ஆர். என்று 1950-லிருந்து ஒரு கலாச்சார உறவுக் கழகம் இருக்கிறது, பயண உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பதில் வரும் என்று நம்பி டிக்கெட் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

தீப்பந்தம், கற்பூரம் உள்ள காட்சி இருந்தால் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். அங்கே அரங்குகளில் திரைத் துணியே தீப்பிடிக்காத மருந்து தடவியதா என்று கேட்பார்கள். தோல் வாத்தியங்கள் ஹீட்டர் போட்ட அறையில் காய்ந்து இறுகிச் சுருதி ஏறும், ஆட்டத்துக்கு முதல் நாளே அரங்கில் கொண்டுபோய் வைத்துப் பழக்குங்கள். அவர்கள் பக்கத்து வாத்தியம் ஏதாவது இங்கே வருவதானாலும் கேட்டு வையுங்கள்: மலைப்பாம்புத் தோல் போர்த்திய சீன எர்ஹூ மாதிரி ஏதாவது இருந்தால் வனவிலங்கு வாணிபத்துக்கான சைட்டிஸ் தாள் கேட்டு விமான நிலையத்தில் நிறுத்திவிடலாம். மரக்கத்தியாக இருந்தாலும் கைப்பையில் வேண்டாம்.

மாணவர் குழுவோடு எடின்பரோ விழாவில் ஆட யாராவது அழைக்க வேண்டுமா? அழைப்பு வாங்க என்ன வழி?
*ஒரு கல்லூரி மாணவி, புதுச்சேரி*

ஃப்ரிஞ்ச் விழாவுக்கு அழைப்பே வேண்டாம் அம்மா. 1947-இல் எடின்பரோவில் பெரிய சர்வதேச விழா நடந்தபோது, அழைக்கப்படாத எட்டுக் குழுக்கள் தாங்களாகவே வந்து ஓரத்தில் ஆடின. அதிலிருந்து பிறந்ததுதான் ஃப்ரிஞ்ச். இன்றும் தேர்வுக் குழு கிடையாது, பதிவுக் கட்டணம் கட்டி ஓர் அரங்கம் கிடைத்தால் ஆடலாம். அமெரிக்காவிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளே வருடாவருடம் போகிறார்கள்.

ஆனால் அரங்கம் உங்களுக்கு மட்டும் கிடைக்காது. பொதுவாக ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள், முன்னும் பின்னும் வேறு குழுக்கள், நடுவில் சாமானை ஏற்றி இறக்கச் சில நிமிடங்கள். ஆகவே பெரிய செட் வேண்டாம். பகலெல்லாம் ராயல் மைல் வீதியில் நின்று நோட்டீஸ் கொடுத்து நீங்களே ஆள் பிடிக்க வேண்டும். பெரிய கூட்டம் வரும் என்ற கனவோடு போகாதீர்கள், முதல் வரிசை நிறைந்தாலே சந்தோஷப்படுகிறவர்கள் அங்கே ஏராளம். செலவில் பயங்கரமானது தங்குமிடம். ஆகஸ்டு மாதம் முழுக்க அந்த ஊர் வாடகை கிறுகிறுக்க வைக்கும். முதலில் அறையைப் பிடியுங்கள், அப்புறம் நாடகத்தை எழுதிக்கொள்ளலாம்.